க்ரீட் என்றால் பேராசையா?

பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ நுழைவுத் தேர்வுக்காக ஆங்கில வார்த்தைகளை உருப்போட்டுக் கொண்டிருக்கிறாள். போன வாரம் வந்து, "அங்கிள், க்ரீட், அவரிஸ், க்யூபிடிட்டி... மூணுக்கும் டிக்‌ஷனரில பேராசைன்னுதான் போட்டிருக்கு. ஒரே அர்த்தத்துக்கு எதுக்கு மூணு வார்த்தை?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருந்தா போதும்னு நினைச்சா அது எப்படிம்மா பேராசை ஆகும்?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

அன்று ராத்திரி அகராதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த மாதிரி வேலைக்கு உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது (வீட்டம்மாவுக்கு நன்றாகத் தெரியும்!). பார்த்தால் மூன்றுக்கும் மூன்று விதமான ஜாதகம். அதில் ஒன்றின் ஜாதகம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவரிஸ்.

இது லத்தீன் வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'அவேரே' என்றால் ஏங்குவது, ரொம்ப ஆசைப்படுவது. அதிலிருந்து பேராசைக்காரனுக்கு 'அவாருஸ்', பேராசைக்கு 'அவாரிட்டியா'. அது பிரெஞ்சு வழியாக, சுமார் 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்து அவரிஸ் ஆயிற்று. அதே அவேரேக்கு இன்னொரு வாரிசு 'அவிட்'. நிறையப் படிக்கிறவரை 'அவிட் ரீடர்' என்று பாராட்டுகிறார்களே, அந்த அவிட்தான். மூன்றாவதாக ஒரு பேரப்பிள்ளையும் உண்டு: துணிச்சல்காரனைக் குறிக்கும் 'ஆடேஷியஸ்'. ஆசை முற்றினால் துணிவு வரும் என்று லத்தீன்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக, ஒரே ஏக்கம்தான். புத்தகத்தின் மேல் வந்தால் பாராட்டு, பணத்தின் மேல் வந்தால் பாவம், எதற்கும் துணிந்துவிட்டால் வீரம்.

இங்கே சில பேருக்குக் கை துறுதுறுக்கும். அவேரே... அவா! திருக்குறளில் 'அவா அறுத்தல்' என்று ஓர் அதிகாரமே (37-வது) இருக்கிறதே, அப்போ லத்தீன் தமிழிலிருந்துதானே வந்திருக்கணும்? அவசரப்படாதீங்க. தமிழ் திராவிடக் குடும்பம், லத்தீன் இந்தோ ஐரோப்பியக் குடும்பம். ரெண்டு சொல் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதால் மட்டும் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம்ம மாமா ஜாடையில் இருப்பதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும் :-)

நிஜமான உறவு வேண்டுமானால் இதைப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் 'லோபம்' என்றால் பேராசை. ஆங்கிலத்தில் 'லவ்' என்றால் காதல். இந்த ரெண்டும் அக்கா தங்கை. இரண்டுக்கும் ஒரே வேர், விரும்புதல் என்ற பொருளில். லத்தீனின் 'லிபிடோ'வும் அதே வீடுதான். சமஸ்கிருதத்தில் 'ப' என்ற கனத்த ஒலி வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் 'ப'வோ 'வ'வோ வருவது விதிப்படி நடக்கிற மாற்றம். காதுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை என்றாலும் வம்சாவளி சரியாக ஒட்டுகிறது.

அடுத்தது க்யூபிடிட்டி. அம்பும் கையுமாகப் பறக்கிற குண்டுக் குழந்தை க்யூபிட் இருக்கிறானே, அவன் பெயரும் இதுவும் ஒன்றே. லத்தீனில் 'குபெரே' என்றால் விரும்புதல். அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக உருமாறி வந்ததுதான் 'கவெட்', பிறர் பொருளை விரும்புதல். விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் அடுத்தவன் வீட்டையும் மாட்டையும் பார்த்து ஆசைப்படாதே என்கிற இடத்தில் வருகிற ஆங்கிலச் சொல் அதுதான்.

புதிய ஏற்பாட்டில், தீமைக்கெல்லாம் வேர் எது என்று சொல்கிற ஒரு பிரபலமான இடம் உண்டு. 'பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர்' என்று பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அங்கே பணத்தைக் குற்றம் சொல்லவே இல்லை. மூலமான கிரேக்கத்தில் இருப்பது 'ஃபிலார்கிரியா', அதாவது வெள்ளியின் மேல் ஆசை. லத்தீன் பைபிளில் அது 'குபிடிட்டாஸ்' ஆனது. வெள்ளி காணாமல் போய் ஆசை மட்டும் மிஞ்சியது. தமிழ் பைபிள் 'பண ஆசை' என்று போட்டு மூலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சபாஷ் போடலாம்.

அதே கருத்தை லத்தீனில் அவாரிட்டியா என்ற சொல்லைப் போட்டுச் சொல்லும் ஒரு வழக்கும் இருந்தது. எல்லாத் தீமைக்கும் வேர் பேராசை என்பதை நாலே வார்த்தையில் சொல்லி, அந்த நாலின் முதலெழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் 'ரோமா' என்று வரும். ரோம் நகரம்! போப்பாண்டவர் அரண்மனைக்குக் காசில்லாமல் காரியம் நடக்காது என்று இடைக்காலத்தில் அடித்த கிண்டல் இது.

இதையே கதையாக எழுதியவர் சாசர். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய 'கேன்டர்பரி கதைக'ளில், பாவமன்னிப்புச் சீட்டு விற்கிற ஒருத்தன் வருகிறான். பன்றி எலும்பைப் புனித எலும்பு என்று காட்டிக் காசு பார்க்கிற ஆசாமி. அவன் ஊர் ஊராகச் செய்கிற பிரசங்கம் என்ன தெரியுமா? பேராசை கூடாது என்பதுதான்! ஜனங்கள் பயந்துபோய்ப் பையை அவிழ்த்தால் வசூல் இவனுக்கு. இதை அவனே வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறான். அப்புறம் ஒரு கதை சொல்கிறான். மூன்று பேருக்கு மரத்தடியில் தங்கப் புதையல் கிடைக்கிறது. ஒருத்தன் சாப்பாடும் மதுவும் வாங்கப் போகிறான். திரும்பி வந்ததும் அவனைக் குத்திவிடலாம் என்று இருக்கிற ரெண்டு பேரும் திட்டம் போடுகிறார்கள். அவனோ மதுவில் விஷம் கலந்து கொண்டுவருகிறான். மூன்று பேரும் காலி. இந்தக் கதையின் பழைய வடிவம் நம்ம பக்கத்து புத்த ஜாதகக் கதைகளில், வேதப்ப ஜாதகத்தில் இருக்கிறது. அங்கே விஷம் சோற்றில். கதை எப்படி எப்படியோ நடந்து இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கிறது.

சரி, கஞ்சனைக் குறிக்கும் 'மைசர்' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'மிஸெர்' என்றால் பரிதாபத்துக்குரியவன், துன்பப்படுகிறவன். மிசரி, மிசரபிள் எல்லாம் அதே வேர். ஆங்கிலத்திலும் 16-ஆம் நூற்றாண்டில் மைசர் என்றால் முதலில் 'ஐயோ பாவம்' ஆசாமிதான். அந்த நூற்றாண்டிலேயே பொருள் திரும்பிக் கஞ்சன் ஆகிவிட்டது. பெட்டி நிறையப் பணம் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறவனைப் பார்த்து எவனோ 'பாவம்' என்று சொல்லியிருக்கிறான், அது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பேராசை வேறு, கஞ்சத்தனம் வேறு. ஒன்று இன்னும் வேண்டும் என்பது, மற்றது இருப்பதை விடமாட்டேன் என்பது. ஆனால் பல மொழிகளில் முன்னது பின்னதாகச் சறுக்குகிறது.

பிரெஞ்சில் 'அவார்' என்றால் இன்றைக்குக் கஞ்சன். மொலியேர் 1668-ல் மேடையேற்றிய 'லவார்' என்ற நாடகத்தின் நாயகன் அர்பகோன், பத்தாயிரம் தங்கக்காசுப் பெட்டியைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு ராப்பகலாகத் தவிக்கிறவன். அந்தப் பெயரின் வேருக்குப் 'பறித்தல், கொக்கி போட்டு இழுத்தல்' என்று பொருள். பெயரில் பறிக்கிறவன், மேடையில் கஞ்சன். ஜெர்மன் மொழியில் 'கைட்ஸ்' என்ற சொல்லுக்கு லூதர் காலத்தில் பேராசை என்று பொருள். பைபிளை அவர் மொழிபெயர்த்தபோது தீமையின் வேர் கைட்ஸ் என்றுதான் எழுதினார். இன்றைக்கு அதே சொல்லுக்குப் பொருள் கஞ்சத்தனம். 2002-ல் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள், கைட்ஸ்தான் இப்போ ஜோர் என்கிற மாதிரி ஒரு விளம்பரம் போட்டு அந்த நாட்டையே கலக்கினார்கள். லூதர் எந்தச் சொல்லை எல்லாப் பாவத்துக்கும் வேர் என்றாரோ, அதை வைத்து டிவி விற்றாகிவிட்டது!

நம்ம மொழியிலும் இதேதான் நடந்திருக்கிறது. லோபம் பேராசை என்று மேலே சொன்னேன் இல்லையா, தமிழில் 'உலோபி' என்றால் யார்? எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன். பேராசை என்ற பொருள் போய்க் கருமித்தனம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் ஒரே சறுக்கல்.

ஏன்? எனக்குத் தோன்றுவது இது. கொடுக்காதவனை ஊருக்கு உடனே தெரியும். கோயில் வசூலுக்குப் போனால் தெரியும், கல்யாண மொய்யில் தெரியும். எடுக்கிறவனை அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது. அதிலும் அவன் நிறைய எடுத்து, அதில் கொஞ்சம் தாராளமாகத் திருப்பிக் கொடுத்தால் அவன் பெயர் வள்ளல். அர்பகோனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவனைவிட நூறு மடங்கு சுருட்டியவன் திறந்து வைக்கிற மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தாந்தே இதில் ஏமாறவில்லை. அவருடைய நரகத்தில் கஞ்சனும் ஊதாரியும் ஒரே வட்டத்தில் பெரிய பாரங்களை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வந்து ஒருத்தர்மேல் ஒருத்தர் மோதிக்கொள்கிறார்கள்.

இப்போ க்ரீட். தூக்கிவாரிப் போட்டது என்று சொன்னேனே, அது இதுதான்.

இது லத்தீன் சரக்கு இல்லை. ஆங்கிலத்தின் சொந்த ஜெர்மானியச் சொத்து. வேடிக்கை என்னவென்றால், 'க்ரீடி' (பேராசை கொண்ட) என்ற பெயரடைதான் பழசு. க்ரீட் என்ற பெயர்ச்சொல் 1600-ஐ ஒட்டித்தான் வருகிறது. லேஸி என்ற சொல்லிலிருந்து வாலை நறுக்கி 'லேஸ்' என்ற வினைச்சொல்லையும், எடிட்டரிலிருந்து நறுக்கி 'எடிட்' என்பதையும் பண்ணிக்கொண்ட மாதிரி, க்ரீடியின் வாலை நறுக்கிக் க்ரீட் பண்ணிக்கொண்டார்கள். பேராசைக்காரர்கள் முதலில் வந்துவிட்டார்கள், பேராசை பின்னாடிதான் வந்தது.

க்ரீடிக்கு முன்னாடி என்ன இருந்தது? பழைய ஆங்கிலத்தில் 'க்ரேடிக்'. பேவுல்ஃப் காவியத்தில் ராத்திரியில் அரண்மனைக்குள் புகுந்து தூங்குகிற வீரர்களை அள்ளிக்கொண்டு போகிற அரக்கன் க்ரென்டலுக்கு இந்த அடைமொழி வருகிறது. அங்கே பொருள் பணத்தாசை இல்லை, அடங்காத தீனி வெறி.

இன்னும் பின்னாடி போகலாம். ஜெர்மானிய மொழிகளில் எழுத்தில் பெரிய அளவில் கிடைக்கிற மிகப் பழைய மொழி கோத்திக். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் அதில் பைபிளை மொழிபெயர்த்தார். கோத்திக், ஆங்கிலத்தின் அம்மா இல்லை, பெரியம்மா. இதே சொல்லின் கோத்திக் வடிவம் 'க்ரேதாக்ஸ்'. பொருள்? வெறும் பசி. பசித்திருக்கிறவன். அவ்வளவுதான். பேராசையும் இல்லை, தீனி வெறியும் இல்லை.

அந்தச் சொல் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். லூக்கா சுவிசேஷத்தில் மரியாள் பாடுகிற பாட்டில், கடவுள் நன்மைகளால் வயிறு நிறைக்கிற ஏழைகளுக்கு வருகிறது. மாற்கு சுவிசேஷத்தில், பெத்தானியாவிலிருந்து நடந்து வந்த காலையில் பசியாக இருந்த இயேசுவுக்கே வருகிறது. இன்றைக்கு வால் ஸ்ட்ரீட் ஆசாமிகளைத் திட்டுகிற சொல்லின் பெரியப்பா பிள்ளை, அன்றைக்குக் காலைப்பசியோடு அத்திமரத்தில் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்த இயேசுவைக் குறித்திருக்கிறது!

(இந்தப் பைபிளின் 6-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஊதா நிறத் தோலில் வெள்ளி மையாலும் தங்க மையாலும் எழுதியது. பசித்தவன் என்ற சொல்லை வெள்ளியைக் கரைத்து எழுதியிருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!)

பசித்தவனின் சொல் எப்படிப் பேராசைக்காரனின் சொல் ஆனது? ஒருநாளில் நடக்கவில்லை. முதலில் பசி, அப்புறம் ஓநாய்ப் பசி, அப்புறம் வயிறு போய்ப் பணப்பை. பழைய ஆங்கிலத்திலேயே பொருளாசை என்ற அர்த்தமும் சேர்ந்துவிட்டது. இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் இந்தச் சொல் இன்னமும் பசியின் சாயலை வைத்துக்கொண்டே திரிகிறது. அந்தச் சாயலை வைத்து நம்மை ஏமாற்றவும் செய்கிறது.

பசிக்கு ஓர் அளவு உண்டு. எவ்வளவு பெரிய சாப்பாட்டு ராமனாக இருந்தாலும் ஏழாவது தோசையிலோ பத்தாவது தோசையிலோ கையை மடக்கித்தான் ஆகணும். காசுக்கு அப்படி ஒரு வயிறு கிடையாது. இதை 2300 வருஷத்துக்கு முன்னாலேயே அரிஸ்டாட்டில் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். வீட்டை நடத்தப் பொருள் தேடுவதற்கு எல்லை உண்டு, காசுக்காகவே காசு தேடுவதற்கு எல்லை கிடையாது. தொட்டதெல்லாம் பொன்னாகி, கடைசியில் சாப்பிட ஒன்றுமில்லாமல் போன மைதாஸ் கதையை அவர் அந்த இடத்தில்தான் எடுக்கிறார். காசு ஏற ஏறப் பசி அடங்காது என்பது மட்டுமில்லை, பசிக்குச் சோறே கிடைக்காமலும் போகும்.

ஆக, பசி என்ற இயற்கையான விஷயத்தின் பெயரை, இயற்கையில் எல்லையே இல்லாத ஒன்றுக்குச் சூட்டிவிட்டார்கள். உடனே என்ன ஆகிறது? 'மனுஷன்னா ஆசை இருக்கத்தானே செய்யும், பசி மாதிரிதானே' என்று ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது.

கிரேக்கர்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தது. 'ப்ளெயோனெக்ஸியா'. 'அதிகமாக வைத்துக்கொள்வது' என்று நேர்ப்பொருள். எதைவிட அதிகமாக? தன் பங்கைவிட. அரிஸ்டாட்டில் இதை ஆசை பற்றிய பேச்சில் வைக்காமல் நீதி பற்றிய பேச்சில் வைக்கிறார். நல்லதில் தன் பங்குக்கு மேல் எடுப்பவன், கஷ்டத்தில் தன் பங்குக்குக் கீழே எடுப்பவன், அவன் அநீதிக்காரன். இந்தச் சொல்லில் மனசு, வயிறு, ஏக்கம் எதுவும் இல்லை. ஒரு பந்தி இருக்கிறது, பக்கத்தில் இன்னொருத்தன் இலை இருக்கிறது. நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்ற கேள்வியே கிடையாது. யார் இலையிலிருந்து எடுத்தாய் என்பதுதான் கேள்வி.

என் கட்சி இதுதான். நாம் க்ரீட் என்ற சொல்லை வைத்து முதல் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்க வேண்டியது இரண்டாவதை.

முதல் கேள்வியை மட்டும் கேட்டால் தப்பிப்பது ரொம்ப சுலபம், பெயரை மாற்றிவிட்டால் போதும். ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அதுதான் நடந்தது என்கிறார் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், 1977-ல் வந்த அவருடைய புத்தகத்தில். அதற்கு முன்னாடி நூற்றாண்டுகளாக அவரிஸ் ஏழு பெரிய பாவங்களில் ஒன்று. வியாபாரமும் நகரங்களும் வளர வளர, பாவங்களுக்கெல்லாம் தலைவன் ஆணவமா அவரிஸா என்று போட்டியே இருந்தது. அப்புறம், அரசர்களின் கோபத்தையும் வெறியையும் அடக்க இதைவிட அமைதியான ஒரு ஆசை வேண்டும் என்று யோசித்தவர்கள், இதற்கு 'இன்ட்ரஸ்ட்' என்று ஒரு சாதுவான பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு இன்ட்ரஸ்ட் என்றால் என்ன? ஆர்வம், நலன், அப்புறம்... வட்டி! அந்த ஒரு சொல்லிலேயே கதை முழுக்க இருக்கிறது. பெர்னார்ட் மாண்டவில் 1714-ல் தேனீக்களை வைத்து எழுதிய புத்தகத்தில், தனிமனிதனின் தீய குணங்களே ஊருக்கு நன்மை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வணிகப் பள்ளியில் பட்டமளிப்பு விழா. பங்குச் சந்தைப் புலி ஐவன் போஸ்கி மேடையேறி, க்ரீட் ஒன்றும் தப்பில்லை, அது ஆரோக்கியமானது, அதை வைத்துக்கொண்டே உங்களை நீங்கள் நல்லவராக நினைத்துக்கொள்ளலாம் என்ற ரீதியில் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதே வருஷம் நவம்பரில், உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்ற வழக்கில் 100 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். அப்புறம் ஜெயில். அடுத்த வருஷம் வந்த 'வால் ஸ்ட்ரீட்' படத்தில் மைக்கேல் டக்ளஸ் பேசின புகழ்பெற்ற வசனத்தில் இந்தப் பேச்சின் வாடை அடிக்கும்.

போஸ்கி மேடையில் பேசியது ஆசையைப் பற்றி. கோர்ட்டில் மாட்டியது பங்கைப் பற்றி. விஷயம் தெரியாத ஒருத்தன் அன்றைக்குச் சந்தையில் தன் பங்குகளைக் குறைந்த விலைக்கு விற்றிருப்பான் இல்லையா, அவன் இலையிலிருந்து எடுத்தது அது. பட்டமளிப்பு விழாவில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என்ரான், வேர்ல்ட்காம் எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்தபோது, 2002-ல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் க்ரீன்ஸ்பான் செனட்டில் ஒன்று சொன்னார். மனிதர்களின் பேராசை முன்னைவிடக் கூடிவிடவில்லை, அதைக் காட்டுவதற்கான வழிகள்தான் பெருகிவிட்டன என்று. அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் இது சரி. 2008-ல் வங்கிகள் விழுந்தபோதும் எல்லாரும் க்ரீட் க்ரீட் என்று திட்டினார்கள். திட்டினால் மனசு ஆறும். வாசல் எங்கே திறந்திருந்தது, திறந்துவிட்டது யார் என்று கேட்டால்தான் அடுத்த தடவை பூட்ட முடியும்.

இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். சொல் செய்கிற வேலையை நான் எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன்.

90-களின் நடுவில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க சித்தப்பா, ரிட்டயர் ஆனதும் வந்த பணத்தில் பெரும்பகுதியை அப்படி ஒன்றில் போட்டார். 24 சதவீத வட்டி. பேங்க் கொடுத்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்றரை வருஷம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒருநாள் ஷட்டர் ஏறவில்லை. சித்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் காபி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது சொன்ன வாசகம்: "பேராசை பெருநஷ்டம்."

பேராசை என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெரிய ஆசை, அவ்வளவுதான். அதில் பந்தியும் இல்லை, பக்கத்து இலையும் இல்லை. ஆசைப்பட்டவன் மட்டும் தனியாக நிற்கிறான். அதனால்தான் அதை ஏமாந்தவன் தலையில் கட்டுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. சித்தப்பாவுக்கு இருந்தது என்ன? ரெண்டாவது பெண்ணின் கல்யாணம், ஏறிக்கொண்டே போன மளிகைக் கணக்கு, ஏறாத பென்ஷன். விசாரிக்காமல் போட்டது அசட்டுத்தனம், அதை மறுக்கவில்லை. அவரே மறுக்கவில்லை. ஆனால் அசடாக இருப்பது வேறு, அடுத்தவன் பங்கை எடுப்பது வேறு. கோத்திக்காரனைக் கேட்டால் சித்தப்பாவை க்ரேதாக்ஸ் என்பான், பசித்தவர். கிரேக்கனைக் கேட்டால் ப்ளெயோனெக்ஸியா என்று கைகாட்டுவது ஷட்டரைப் போட்டுவிட்டுப் போனவனை. நம்ம ஊரிலோ பழமொழி கிடைத்தது சித்தப்பாவுக்கு. போனவனுக்கு அன்றைக்கு ஒரு பழமொழியும் கிடைக்கவில்லை.

அரசாங்கம் 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் முதலீட்டாளரைப் பார்த்து ஏன் ஆசைப்பட்டாய் என்று கேட்கவில்லை. வாங்கினவன் ஏன் திருப்பித் தரவில்லை என்றுதான் கேட்கிறது, அவன் சொத்தை முடக்கவும் வழி செய்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த வித்தியாசம் பழமொழிக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு 2012-ல் ஈமு கோழி விவகாரம் வெடித்தபோதும் ஏமாந்த விவசாயிகளுக்கு இதே பழமொழிதான் பரிசு. சில பேர் சிரித்தே சொன்னார்கள்.

இத்தனைக்கும் நம்மிடம் சரியான சொல் இல்லாமல் இல்லை. 'வெஃகுதல்' என்று ஒரு சொல். பிறர் பொருளை விரும்பிக் கவர நினைப்பது. வள்ளுவர் இதை அவாவோடு போட்டுக் குழப்பவில்லை. அவா அறுத்தல் துறவறத்தில் வருகிறது, துறவிக்கான பாடம் அது. வெஃகாமை இல்லறத்தில், 18-வது அதிகாரம். சம்சாரியிடம் அவர் கேட்பது ஆசையே படாதே என்று அல்ல, அடுத்தவன் பொருள் மேல் கை வைக்காதே என்று. கஞ்சத்தனத்துக்கு 'இவறல்' என்று வேறு ஒரு சொல்லும் வைத்திருக்கிறார். மூன்று குற்றம், மூன்று பெயர். நாம்தான் எல்லாவற்றையும் பேராசை என்ற ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டோம். வெஃகுதலை யாரும் பேச்சில் உபயோகிப்பதில்லை. ஆய்த எழுத்து வேறு நடுவில் இருக்கிறதா, பிள்ளைகள் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள்.

பொருளாதார மேதை கெயின்ஸ் 1930-ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்னும் நூறு வருஷத்தில் உலகத்தின் வறுமைப் பிரச்சனை தீர்ந்துவிடும், அப்போது பணத்தின் மேலுள்ள மோகத்தைப் பாதி வியாதி என்று தைரியமாகச் சொல்லிவிடலாம், அதுவரைக்கும் கொஞ்ச காலம் அவரிஸையும் வட்டியையும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கணும் என்கிற மாதிரி. 2030 இதோ எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்துவிட்டது. பண்டம் ஏராளமாகப் பெருகிவிட்டது, அதில் கெயின்ஸ் பொய்யாகவில்லை. கும்பிடுவது மட்டும் நின்றபாடில்லை. காரணம், அவரும் இதை ஆசை சம்பந்தப்பட்ட வியாதியாகத்தான் பார்த்தார், வயிறு நிரம்பினால் தானாகப் போய்விடும் என்று நம்பினார். பசியாக இருந்தால் போயிருக்கும்.

அதனால் என்னுடைய தாழ்மையான கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த தடவை யாரையாவது பேராசைக்காரன் என்று சொல்ல வாய் வந்தால், ஒரு நிமிஷம் அவர் இலையைப் பாருங்க. அப்படியே பக்கத்து இலையையும் பாருங்க. பக்கத்து இலை நிறைந்திருந்தால் அது ஆசைதான், இருந்துவிட்டுப் போகட்டும். ஆசைப்படுகிறது ஏழைக்கும் உரிமைதான். பக்கத்து இலை காலியாக இருந்தால், அதில் இருந்தது எங்கே போச்சு என்று சத்தமாகவே கேளுங்க. அந்தப் பெண்ணுக்குப் பரீட்சையில் க்ரீட் என்றால் பேராசை என்று எழுதினால்தான் மார்க் கிடைக்கும், அப்படியே எழுதட்டும். நாம பரீட்சை எழுதி முடித்தவங்கதானே, வேறு வார்த்தை தேடலாம்.